ஊரில் ஒரு குடிமீட்பு ஆதரவுக் குழு: தொடங்குவது முதல் நிலைக்கச் செய்வது வரை

குடியை நிறுத்தப் போராடுகிறவர்களும் அவர்களின் வீட்டாரும் வாரம் ஒருமுறை கூடி உட்காரும் ஒரு சிறு குழுவைத் தங்கள் தெருவில் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூரில் ஒன்பது வருடமாக அப்படி ஒரு குழுவை நடத்தி வருகிறேன். என் தம்பிக்காகத் தொடங்கியது. அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஆறு குழுக்கள் தொடங்கப்பட்டதைக் கூடவே இருந்து பார்த்தேன். இரண்டு நிலைத்தன. நான்கு கலைந்துபோயின.

கலைந்த நான்கிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. வரிசைதான் தப்பிப்போனது. முதல் நாளே மேடை போட்டு, சத்தியம் வாங்கி, கைதட்டிவிட்டு, அதன் பிறகு மருத்துவரைத் தேடினார்கள். அதனால் கீழே உள்ள படிகளைத் தயவுசெய்து இதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கு படிகளை முடிக்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் கூட்டமே வேண்டாம்.

1. மருத்துவரிடம் போகும் வழியை முதலில் திறந்து வையுங்கள்

வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு அதைத் தாங்காமல் போகலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார், பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்பார். காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். இதைப் பார்த்துவிட்டுக் காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போனவர்களை நான் அறிவேன். வைத்தியம் பார்க்காவிட்டால் இது உயிரை எடுக்கும். வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தாண்டிவிடலாம்.

கார்த்திகை மாதம் எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் கவலையான மாதம். மாலை போடும் அன்று காலையிலிருந்து சொட்டுக்கூடத் தொடாமல் நிறுத்துகிறார்கள். எங்கள் முதல் வருடத்தில் ஒரு கொத்தனார் அப்படி நிறுத்தி, மறுநாள் மாலை சாரத்தில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்தார். உயிர் பிழைத்தது, தோள் எலும்பு முறிந்தது. விரதம் நல்ல தொடக்கம். ஆனால் மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இப்போது ஐப்பசி கடைசியிலேயே வீடு வீடாகப் போய் இதைச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை நேரில் போய்ப் பாருங்கள். குடியை நிறுத்துகிறவருக்கு நடுக்கம் வந்தால் இங்கே பார்ப்பீர்களா, படுக்கையில் சேர்க்க வேண்டுமென்றால் எந்த மருத்துவமனை, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்து தாலுகா மருத்துவமனைக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்தக் கிழமையில் அங்கே வருகிறார் என்று வெளிநோயாளர் பிரிவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தக் கிழமையில் போய் அவரிடம் முகம் காட்டிவிட்டு வாருங்கள். பின்னால் நீங்கள் ஒருவரைக் கூட்டிப்போகும்போது அந்தப் பத்து நிமிட அறிமுகம் பெரிதாக உதவும்.

இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். குடித்துத் துவண்டு கிடப்பவரைத் தெருமுனைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போய்க் குளுக்கோஸ் ஏற்றும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. பல வருடம் குடித்தவர்களுக்கு உடம்பில் வைட்டமின் பி1 அடிமட்டத்தில் இருக்கும். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து இருக்கிறது. மருத்துவருக்கு இது தெரியும். ஆனால் இவர் தினமும் குடிப்பவர் என்பதை வீட்டார் வெட்கப்பட்டு மறைத்துவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும்: "டாக்டர், இவர் இத்தனை வருஷமா தினம் குடிக்கிறார், கடைசியா குடிச்சது இத்தனை மணிக்கு."

ஒரு சின்ன அட்டையில் இந்த எண்களை அச்சடித்து வையுங்கள். சட்டைப் பையில் வைக்கும் அளவு போதும்.

108: வலிப்பு, மயக்கம், தற்கொலை முயற்சி, எந்த அவசரமானாலும்.
14416: டெலி மனாஸ், மனநல ஆலோசனை, தமிழிலும் பேசலாம்.
14446: போதை மீட்புக்கான தேசிய உதவி எண்.
104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
181: பெண்களுக்கான உதவி எண்.

கள்ளச்சாராயம் குடித்தவர் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று சொன்னால் போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது மெத்தனாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான். உடனே 108.

2. மூன்று பேர் போதும்

குழுவை நடத்த மூன்று பேர் வேண்டும். ஒருவர், குடித்து மீண்டு குறைந்தது ஒரு வருடம் ஆனவர். இன்னொருவர், குடியால் அடிபட்ட வீட்டைச் சேர்ந்த பெண். மூன்றாமவர் இரண்டுமே இல்லாத, ஊரில் வாய் காக்கும் மனிதர் என்று பெயர் எடுத்தவர்: ஓய்வு பெற்ற ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், தபால்காரர் மாதிரி.

மீண்டவர் எதற்கு? "எனக்கும் இப்படித்தான் கை உதறுச்சு" என்று அவர் சொல்வதை நான் ஆயிரம் தடவை சொன்னாலும் ஒரு குடிநோயாளி நம்ப மாட்டார். ஒரு வருடம் என்று ஏன் கணக்கு? ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு ஊர்த் திருவிழா, ஒரு சாவு வீடு, இவற்றையெல்லாம் குடிக்காமல் கடந்தவராக அவர் இருக்க வேண்டும். நிறுத்தி இரண்டு மாதமே ஆன ஒருவரைத் தலைவராக உட்கார வைத்த குழு ஒன்று, அவர் திரும்பக் குடித்த அன்றே கலைந்தது. அவரும் வெட்கத்தில் ஊரைவிட்டே போய்விட்டார். அவர் மேல் அந்தச் சுமையை வைத்தது நம் தவறு.

உங்கள் வட்டாரத்தில் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடந்தால் முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். கட்டணம் கிடையாது. மீண்டவர்கள் அங்கே கிடைப்பார்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. நடந்து போகும் தூரத்தில் அவை இருந்தால் புதுக் குழுவே தேவைப்படாது.

கட்சிப் பொறுப்பில் இருப்பவர், வட்டிக்குக் கொடுப்பவர், வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி ஆகியோர் நடத்துபவர்களாக வேண்டாம். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் கூலியும் கடனும் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் யாரும் உண்மை பேசுவதில்லை.

3. இடமும் கிழமையும்

கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை மாலைதான் வாரக் கூலி. பணம் கையில் ஏறும் அந்த மூன்று மணி நேரம்தான் அவர்களுக்கு வாரத்திலேயே கடினமானது. அதனால் கூட்டத்தைச் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வையுங்கள். எங்கள் குழு முதலில் ஞாயிறு காலையில் கூடியது. வருகிறவர்கள் பாதிப் பேர் முந்தின இரவின் போதை தெளியாமல் வந்தார்கள். கிழமையை மாற்றிய பிறகுதான் குழு பிடித்துக்கொண்டது.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கட்சி அலுவலகம் எதுவும் வேண்டாம். எந்த இடமானாலும் அதற்கு வெளியே நிற்கும் ஒரு கூட்டம் ஊரில் உண்டு. சாதி பார்த்து நுழைய வேண்டிய தெருவாகவும் இருக்கக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மேலத்தெருவில் கூட்டம் வைத்துவிட்டுக் காலனியிலிருந்து யாரும் வரவில்லையே என்று வருத்தப்பட்ட குழுவை நான் பார்த்திருக்கிறேன்.

டீக்கடையின் கண்ணில் படாத இடமாக இருந்தால் நல்லது. எங்களுக்குப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் பின் அறை கிடைத்தது. மாலையில் எல்லாரும் அந்தப் பக்கம் பால் கேனோடு போய் வருவதால் யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. செருப்பை வாசலில் விடாமல் உள்ளே விடச் சொல்லுங்கள். செருப்பைப் பார்த்தே ஆள் சொல்லிவிடுவார்கள் நம் ஊரில்.

பணம் வசூலிக்காதீர்கள். பாய், ஒரு குடம் தண்ணீர், இனிப்பு தூக்கலாக டீ, கொஞ்சம் சுண்டல், இவ்வளவுதான் செலவு. பசி குடிக்கும் ஆசையைக் கிளப்பும் என்பதால் சுண்டலை விட்டுவிட வேண்டாம். நன்கொடை வாங்கிப் பேனர் வைத்தால், பேனரில் பெயர் போட்டவருக்குக் கூட்டத்தில் யார் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வந்துவிடும்.

4. முதல் ஆளிடம் பேசுவது

இரவில் பேசாதீர்கள். குடித்திருக்கும்போது கொடுத்த வாக்கு அவருக்கே காலையில் நினைவிருக்காது. விடிந்ததும் உடனே வேண்டாம், அப்போது உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். காலை எட்டு மணிவாக்கில், டீ குடித்து முடித்த நேரம், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத இடம் பாருங்கள்.

குடும்பம், மானம், பிள்ளைகளின் எதிர்காலம் என்று தொடங்கினால் அவர் எழுந்து போய்விடுவார். அதையெல்லாம் அவர் தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொள்கிறார். உடம்பிலிருந்து தொடங்குங்கள். "அண்ணே, ராத்திரி தூக்கம் வருதா? காலையில கை நடுங்குதுன்னு அக்கா சொன்னாங்க" என்பது போதும்.

பேச்சு தொடர்ந்தால் நான்கு கேள்விகள் கேட்கலாம். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்விகள் இவை. குறைச்சுக்கணும்னு எப்பவாவது நினைச்சதுண்டா? குடியைப் பத்தி யாராவது பேசினா எரிச்சல் வருதா? குடிச்சதை நினைச்சு மனசு குத்தியிருக்கா? காலையில எழுந்ததும் நடுக்கம் நிக்கக் குடிச்சதுண்டா? இரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவதற்கு ஆம் என்றால், மருத்துவரைப் பார்க்கும்வரை "இன்னைக்கே நிறுத்துங்க" என்று சொல்லாதீர்கள். நம் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. "நிறுத்தலாம், முதல்ல டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கூடப் போங்கள். பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தால் அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர மாட்டார்.

5. கூட்டத்தை நடத்தும் முறை

ஒரு மணி நேரம், அதிகம் போனால் எழுபத்தைந்து நிமிடம். எட்டே காலுக்கு முடித்துவிடுங்கள்.

முதலில் விதியைச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு வாரமும்: இங்கே கேட்டது இங்கேயே இருக்கும், யார் வந்தார் என்பதை வீட்டிலும் சொல்லக் கூடாது. பிறகு ஒவ்வொருவராக ஐந்து நிமிடம் பேசுவார்கள். இந்த வாரம் எப்படிப் போனது, எங்கே தடுமாறியது, எது தாங்கிப் பிடித்தது. பேச விரும்பாதவர் "இன்னைக்குக் கேக்குறேன்" என்றால் போதும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. பேசி முடித்த பிறகும் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது.

புதிதாகக் குழு நடத்துகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நாம் நல்லது சொல்லவே பழகியவர்கள். ஒருவர் கண்கலங்கிப் பேசி முடித்ததும் "நீ இனிமே அந்தப் பசங்களோட சேராதே" என்று வாயில் தானாக வந்துவிடும். அடுத்த வாரம் அவர் அந்தப் பசங்களோடு சேர்ந்திருந்தால் கூட்டத்துக்கு வர மாட்டார். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பார்? "சொன்னதுக்கு நன்றிண்ணே" என்பதோடு அடுத்தவருக்குப் போய்விடுங்கள்.

பழைய குடிக் கதைகளை ரசித்துச் சொல்லத் தொடங்கினால் மெதுவாக நிறுத்துங்கள். எந்தச் சரக்கு, எந்தப் பாலத்தடி, என்ன சைடிஷ் என்று பேச்சு போனால் கேட்பவர்களின் நாக்கில் எச்சில் ஊறும். நேற்றுத்தான் நிறுத்தியவர் ஒருவர் அந்த வட்டத்தில் இருப்பார்.

கடைசிப் பதினைந்து நிமிடத்தை வரப்போகும் வாரத்துக்கு ஒதுக்குங்கள். கல்யாணம், சாவு, கெடா வெட்டு, போனஸ், அறுவடைக் கூலி என்று எது வருகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். போகத்தான் வேண்டும் என்றால் யாரோடு போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, கூலியைக் கையில் வாங்காமல் மனைவியின் கணக்கில் போடச் சொல்ல முடியுமா என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள். "மனசைக் கட்டுப்படுத்திக்கிறேன்" என்பதைத் திட்டமாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். "பந்தியில சாப்பிட்டுட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன், மச்சான் கூட வர்றான்" என்றால் அது திட்டம்.

முடிந்ததும் இருவர் இருவராக அனுப்புங்கள். டாஸ்மாக் கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். கூட்டம் முடிந்து தனியாக வீட்டுக்கு நடக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் நழுவியவர்கள் உண்டு.

6. வீட்டாருக்குத் தனி வட்டம்

மனைவி, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் ஆகியோருக்கு வேறொரு நாள், வேறொரு இடம். ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். குடிக்கிறவர் வராவிட்டாலும் வீட்டார் வரலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். அவர் நிறுத்தும்வரை இவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வட்டத்தில் முதல் மாதமே பேசியாக வேண்டியது, தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து. சுவர் விளம்பரம், வாட்ஸ்அப் என எங்கும் விற்கிறார்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை அதில் சேர்ந்திருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். அது நல்ல மருந்துதான். ஆனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கொடுக்க வேண்டியது. கலந்து கொடுத்ததைக் கண்டுபிடித்த ஒருவர் அதன்பின் இரண்டு வருடம் மனைவி கையால் சாப்பிடவே இல்லை. நம்பிக்கை போனால் மீட்பும் போயிற்று.

அடி விழும் வீடு என்றால் பொறுமை பேசாதீர்கள். "குடி நின்னா சரியாயிடும்" என்று சொல்லவே கூடாது. 181 எண்ணையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு கேட்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். அன்றிரவு அவளும் பிள்ளைகளும் எங்கே தூங்குவார்கள் என்று கேளுங்கள். ஊரில் கதவு திறக்கும் இரண்டு வீடுகளை முன்பே பேசி வைத்திருங்கள்.

7. குடிக்குப் பின்னால் இருக்கும் மனநோய்

குடி நின்று சில வாரங்களில் பலருக்கு மனச்சோர்வு தானாகவே தணியும். சிலருக்குத் தணியாது. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றால் குடிக்கு முன்பே இருந்த நோய் வெளியே தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு மனநல மருத்துவர் வரும் கிழமையில் தாலுகா மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என் தம்பிக்கு அப்படித்தான் இருந்தது. தூக்கம் வருவதற்காகத்தான் அவன் குடிக்கத் தொடங்கினான் என்பது எங்களுக்கு ஏழு வருடம் கழித்துத் தெரிந்தது.

மனநல மாத்திரையைப் பற்றிக் குழுவில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். "அதுவும் ஒரு போதைதான், விட்டுடு" என்று மீண்டவர் ஒருவரே சொல்லிவிடுவார், நல்லெண்ணத்தில். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பத்து நாளில் விட்டவருக்கு எந்தப் பலனும் தெரிந்திருக்காது.

சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தை ஊட்டியது போல் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. கேட்கிற ஆள் கிடைத்தார் என்று பெருமூச்சு விடுவார்கள். ஆம் என்றால் அன்று அவரைத் தனியாக விடக் கூடாது. 14416ஐக் கூட இருந்தே கூப்பிடுங்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்து, எலிமருந்து, மிச்ச மாத்திரைகளை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாததே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

முயன்றுவிட்டார் என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்குவார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் காதில் ஏறாது.

8. திரும்பக் குடித்தால்

குடிப்பார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். இதற்கு என்ன செய்வது என்று முடிவு செய்யாமல் முதல் கூட்டத்தைப் போடாதீர்கள்.

அன்றிரவு செய்ய வேண்டியது உயிரைக் காப்பது மட்டும். பேச்சு, சண்டை, கேள்வி எதுவும் வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் 108.

மறுநாள் காலை குழுவிலிருந்து ஒருவர் போன் செய்ய வேண்டும். யார் என்பது முன்பே தீர்மானமாகி இருக்கட்டும். இரண்டே கேள்வி: "சாப்பிட்டீங்களா? சனிக்கிழமை வர்றீங்களா?" ஏன் குடித்தார் என்பதைச் சனிக்கிழமை அவரே சொல்வார். சொல்லும்போது பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது அன்று இருந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக ஒன்றாவது இருக்கும். அடுத்த தடவை அதைத் தான் முன்கூட்டியே கவனிக்க முடியும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒருநாள் குடித்தாரா, தொடர்ந்து பல நாளா என்பதை மட்டும் உடனே கேட்டுவிடுங்கள். பல நாள் என்றால் திரும்பவும் முதல் படி, மருத்துவர். முன்பு நடுக்கம் இல்லாமல் நின்றதே என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் நிறுத்துவது முந்தைய முறையைவிடக் கடுமையாக ஆகலாம்.

போதையோடு கூட்டத்துக்கே வந்தால்? உட்காரலாம். டீ உண்டு, பேச்சு கிடையாது. முடிந்ததும் இருவர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். வம்பு செய்தால் மட்டும் வெளியே அழைத்துப் போகிறோம். இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு, ஒழுங்கு கெடுகிறது என்று. என் தம்பி நான்கு தடவை திரும்பக் குடித்தான். நான்காவது தடவை மூன்று வாரம் வரவில்லை. நான்காம் வாரம் போதையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே இருந்த ஒரு தறிக்காரர் எழுந்து தன் பாயில் இடம் விட்டார். ஒன்றும் பேசவில்லை. அன்று அவனைத் திருப்பி அனுப்பியிருந்தால் இன்று அவன் இருந்திருக்க மாட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாள் கணக்கு புதிதாகத்தான் தொடங்கும். ஆனால் முன்பு இருந்த நாட்களை அழிக்க மாட்டோம். 94 நாள் இருந்தவருக்கு அந்த 94 அவருடையது.

9. மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பும்போது

தாலுகா மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ முடியாதபோதுதான் தனியார் இல்லம். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழை நேரில் கேட்டுப் பாருங்கள். மதுவாலும் போதையாலும் வரும் மனநலக் கோளாறுகள் 2017 சட்டத்தின் கீழ் வருவதால் பதிவு கட்டாயம். வாரத்தில் எத்தனை முறை மனநல மருத்துவர் வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம், போனில் பேசவிடுவார்களா என்று கேளுங்கள். மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். படுக்கையையும் கழிப்பறையையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

நள்ளிரவில் வேனில் நாலு பேர் வந்து தூக்கிப்போகும் ஏற்பாட்டுக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். சங்கிலியில் கட்டுவது அதே 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லம் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். அடிபட்டுத் திரும்பிய ஒருவரை மறுபடி மருத்துவமனை வாசல் மிதிக்க வைக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

இல்லத்திலிருந்து திரும்பும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, வந்த முதல் சனிக்கிழமையே கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். உள்ளே கடை இல்லை, கூலி இல்லை, நண்பர்கள் இல்லை. வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் உண்மையான சோதனை.

10. குறிப்பேடும் சாவியும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை பேர் வந்தார்கள், யாருக்கு யார் போன் செய்ய வேண்டும். முழுப் பெயர் எழுதாதீர்கள், முதலெழுத்து மட்டும். போட்டோ எடுக்கவே கூடாது. வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம்: ஒரு போன் வீட்டில் பிள்ளைகள் கையிலும் இருக்கும்.

முதல் மூன்று மாதம் இரண்டு பேர்தான் வருவார்கள். சில சனிக்கிழமை யாருமே வரமாட்டார்கள். அன்றும் ஏழு மணிக்குத் திறந்து, எட்டே கால் வரை விளக்கு எரிய உட்கார்ந்திருங்கள். வரலாமா வேண்டாமா என்று தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எங்கள் குழுவின் ஒருவர் ஐந்து வாரம் அப்படி நின்றிருக்கிறார், பிறகுதான் சொன்னார்.

நடத்துகிறவரும் களைத்துப்போவார். மாதம் ஒரு சனிக்கிழமை நீங்கள் பேசுகிறவராக உட்காருங்கள், இன்னொருவர் நடத்தட்டும். அறைக்கு இரண்டு சாவி செய்து வையுங்கள், உங்களுக்குக் காய்ச்சல் என்றாலும் கதவு திறக்க வேண்டும். எங்கள் பால் சங்கத்து அறைக்கும் இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று தம்பியிடம்.